தொட்டுத் திருப்பிய காசு: இந்தியாவில் விழாப் பரிசும் அதன் வரம்பும்

விழாக்காலப் பரிசு வரவு செலவைக் குலைக்கிறது என்னும் கவலை, கடைவீதிப் பண்பாட்டோடு பிறந்த புதிய கவலையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் கொடுக்க வேண்டிய கட்டாயத்துக்கும் கையிருப்புக்கும் இடையிலான இழுபறி, முகலாய அவை முதல் இன்றைய அரசு அலுவலகம் வரை தொடர்ந்து வந்துள்ளது. இந்த நெருக்கடியைத் தணிக்க ஒவ்வொரு காலமும் ஒரு வழியைக் கண்டது. அவ்வழிகள் யாருடைய சுமையைக் குறைத்தன, யாருடைய சுமையைக் கூட்டின என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முகலாயரின் ஆண்டுச் சுழற்சியில் மிகப் பெரிய பரிசுக் காலம் நவுரோஸ் எனும் புத்தாண்டு விழா. கதிரவன் மேட ராசிக்குள் புகும் நாளில் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரங்கள் அது நீடித்தது. பிரபுக்கள் முறை வைத்து ‘பேஷ்கஷ்’ எனும் காணிக்கையைப் பேரரசர் முன் பரப்பினர். ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகளில் நவுரோஸ் பற்றிய பக்கங்களைப் படிப்பவர் ஒரே வகையான பதிவை மீண்டும் மீண்டும் காண்பர்: இன்னார் கொண்டுவந்தவற்றுள் இத்தனை மதிப்புள்ளவை ஏற்கப்பட்டன, எஞ்சியவை அவருக்கே திருப்பித் தரப்பட்டன. முழுவதையும் முன்வைப்பது பிரபுவின் கடமை. சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது பேரரசரின் பெருந்தன்மை. காட்சிக்கு வந்த செல்வத்தின் ஒரு பகுதி இவ்வாறு வந்தவழியே வீடு திரும்பியது.

இந்த உலகிற்குள் மிகக் குறைந்த செலவுத் திட்டத்தோடு நுழைந்தவர் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் தூதர் சர் தாமஸ் ரோ. 1616 ஜனவரியில் அஜ்மீரில் அவர் பேரரசரைக் கண்டார். தூதுச் செலவு கிழக்கிந்தியக் கம்பெனியைச் சார்ந்தது. கம்பெனியோ வணிகரின் சிக்கனத்தோடு பரிசுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவை இந்த அவைக்குப் போதாதவை என்று ரோ தம் கடிதங்களில் ஓயாமல் முறையிட்டார். கொண்டுவந்த ஆங்கிலக் கோச்சு வண்டியின் உள்விரிப்பை ஜஹாங்கீர் அகற்றி உயர்ந்த துணியால் மாற்றினார். அதன் பித்தளை ஆணிகளும் வெள்ளியாயின. அதே அவையில் ரோ காட்டிய ஒரு சிற்றோவியம் பேரரசரின் ஆர்வத்தைக் கவர்ந்தது. அரண்மனை ஓவியர் தீட்டிய படிகளிலிருந்து மூலத்தைப் பிரித்தறிய ரோவே தடுமாறினார். விலை குறைந்த அரிய பொருள் விலை மிகுந்த பொதுப்பொருளை விட மதிப்புப் பெறும் என்பதை அத்தூதர் அனுபவத்தில் கற்றார்.

பேஷ்கஷின் அருகில் ‘நஜர்’ என்றொரு சிறு காணிக்கையும் இருந்தது. துணி விரித்த உள்ளங்கையில் சில தங்க மொகர்களையோ வெள்ளி ரூபாய்களையோ வைத்து நீட்டுவது அதன் வடிவம். பிற்கால தர்பார்களில் மேலவர் அதை விரலால் தொட்டுக் கொடுத்தவரிடமே விட்டுவிடுவது வழக்கமாக வேரூன்றியது. ஆங்கிலேய இந்தியப் படையின் இந்திய அதிகாரிகள் காசுக்குப் பதில் தம் வாளின் கைப்பிடியை நீட்டினர்; பெறுபவர் தொட்டார், வாள் உறைக்குள் திரும்பியது. கடமை முழுமையாக நிறைவேறியது, செலவு ஏதுமில்லை. இந்தச் சடங்கின் நுட்பம் இதுவே.

கம்பெனி ஆட்சி வேறொரு வழியைத் தேர்ந்தது: விலை வரம்பு. பிளாசிக்குப் பின் 1757இல் ராபர்ட் கிளைவ் தமக்கெனப் பெற்றவை ஏறத்தாழ 2,34,000 பவுண்டு. அதே கிளைவ் 1765இல் வங்காளத்துக்குத் திரும்பியபோது, கம்பெனி ஊழியர்களிடம் பரிசு குறித்த உறுதிமொழிப் பத்திரங்களில் கையொப்பம் வாங்கினார். 4,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கம்பெனிக்கே உரியது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு ஆளுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் கடுமையாகப் பரிசு பெறுவதையே தடைசெய்தது.

ஆயினும் பரிசின்றி ஓர் இந்திய அவையில் அமர இயலவில்லை. ஆகவே வந்தவை அரசுக் கணக்கில் ‘தோஷாகானா’ எனும் கருவூலத்தில் சேர்ந்தன. அதே மதிப்புக்குப் பதில் பரிசு அங்கிருந்து எடுத்துத் தரப்பட்டது. வரலாற்று மானிடவியலாளர் பெர்னார்ட் கோன் இந்த மாற்றத்தைக் கூர்மையாக விளக்கியுள்ளார்: ஆளுபவரோடு ஒருவரை இணைத்த நஜரும் கிலத் எனும் மரியாதை ஆடையும், ஆங்கிலேயர் கையில் சரிசமப் பண்டமாற்றாகச் சுருங்கின. பஞ்சாபின் ‘வர்த்தன் பாஞ்சி’ முறையோடு ஒப்பிட்டால் இதன் பொருள் தெளிவாகும். ஜெகியே எக்லர் ஆராய்ந்த அச்சிற்றூர் வழக்கில், பெற்றதைச் சரியாக அதே அளவில் திருப்புவது உறவை முறிப்பதற்குச் சமம். சிறிது கூட்டியோ குறைத்தோ கொடுத்து, கணக்கைத் திறந்தே வைப்பர். தோஷாகானாவின் கணக்கோ ஒவ்வொரு முறையும் மூடப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாவது வழியொன்று பரவியது. அது ‘டாலி’. கனி, மலர், காய்கறி, இனிப்பு ஆகியவற்றை அடுக்கிய கூடை அல்லது தட்டு என்று 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதனைப் பதிவு செய்கிறது. வட இந்தியாவில் ‘படா தின்’, அதாவது பெரிய நாள், என்றழைக்கப்பட்ட கிறிஸ்துமஸில் எழுத்தரும் ஒப்பந்தக்காரரும் நிலக்கிழாரும் துரையின் வராந்தாவில் டாலியோடு காத்திருந்தனர். ஆரஞ்சும் மலரும் அழியும் பொருள்கள். நெடுநாள் சேமிக்க இயலாதவை. எனவே அவை கையூட்டாகா என்பது எழுதப்படாத ஒப்பந்தம். கூடை எளிமையானது, ஆனால் அடுத்தவர் கூடையைவிடத் தம் கூடை சிறுத்துவிடக் கூடாது என்ற அச்சம் எளிமையானதன்று.

இச்சுமையின் அடித்தளத்தைக் காண பீகாரின் சம்பாரன் மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும். 1917இல் காந்தியும் ராஜேந்திர பிரசாத் உள்ளிட்ட தோழர்களும் உழவர்களிடம் பெற்ற வாக்குமூலங்களில், ‘அப்வாப்’ எனும் சட்டப்புறம்பான வசூல்களின் நீண்ட பட்டியல் உண்டு. ஹோலிக்குப் ‘பகுவாஹி’, தசராவுக்குத் ‘தசஹரி’, இராமநவமிக்குச் ‘சைத்நவமி’. தோட்டத் துரை குதிரை வாங்கினால் ‘கோடாஹி’, யானை வாங்கினால் ‘ஹாதியாஹி’. புதிய அப்வாப்களை 1793ஆம் ஆண்டின் விதிகளே தடுத்திருந்தன. ஆனால் விழாவின் பெயரைச் சூடியதும் வரி, வழக்கம் என்னும் தகுதியைப் பெற்றுவிட்டது. மேல்தட்டில் மரியாதையாகத் தொட்டுத் திருப்பப்பட்ட காசு, அடித்தட்டில் ஒருபோதும் திரும்பவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய அரசு கிளைவின் விலை வரம்பையே மரபாகக் கொண்டது. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், தற்செயலான ஒரு வேளை உணவையும் வழித்துணையாக வண்டியில் ஏற்றிச் செல்வதையும் பரிசாகக் கருதவில்லை. உறவினரும் நண்பரும் சமூக வழக்கப்படி தருவதைத் தனியாக வைத்து, மற்றோர் தரும் பரிசுக்கு வரம்பிட்டன. 2019இல் அவ்வரம்பு ‘அ’, ‘ஆ’ பிரிவு அலுவலர்க்கு 5,000 ரூபாயாகவும் ‘இ’ பிரிவினர்க்கு 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

இவ்விதிகள் அனைத்தும் பெறுபவரின் கையைக் கட்டுகின்றன. கொடுப்பவரின் அச்சத்தை அவை தொடுவதில்லை. அந்த அச்சத்தை நேரடியாகத் தணித்தவை இரண்டே: ஏற்றுக்கொண்டதாகத் தொட்டுவிட்டுத் திருப்பித் தந்த கையும், கணக்கை முடிக்க அவசரப்படாத பஞ்சாபின் உறவு வழக்கும். முன்னதில் மேலவர் தாமே முன்வந்து எதிர்பார்ப்பைக் குறைத்தார். பின்னதில் இருவரும் ஒருவருக்கொருவர் காலம் கொடுத்தனர். பரிசின் அளவைக் குறைக்கும் பொறுப்பு, கொடுக்க இயலாதவரிடம் இருந்தவரை அது தலைகுனிவாகவே இருந்தது. பெறும் இடத்தில் இருந்தவர் அப்பொறுப்பை ஏற்றபோதுதான் அது பண்பாயிற்று. பரிசை ஊழலாக மட்டுமோ பண்பாடாக மட்டுமோ வகைப்படுத்தும் ஆய்வுகள், அப்பொறுப்பை யார் ஏற்றார் என்ற வினாவிலிருந்து தொடங்குவது பயன்தரும்.