டெக், கொப்பி, ஹாட் டிஸ்க்: எங்கள் வீட்டுப் பதிவுகளின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள், பொறுமை இல்லாதவர்கள் கடைசி நாலு பந்தியையாவது வாசியுங்கள்.

கரவெட்டி, நெல்லியடிப் பக்கம் சில வீடுகளில் ரீவி மேசைக்குக் கீழே ஒரு கனமான பெட்டியைக் கண்டிருக்கிறேன். முன்பக்கம் டிவிடி போடும் தட்டு, உள்ளே கணினியில் இருப்பது போன்ற ஒரு வன்தட்டு. சமாதான காலத்திலும் அதற்குப் பிறகும் வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. இப்போது அதன்மேல் வைஃபை றவுட்டர் இருக்கிறது, அல்லது பிளாஸ்ரிக் பூச்சாடி இருக்கிறது. "அது பழைய டிவிடி பிளேயர் சேர், வேலை செய்யாது, இரும்புக்குப் போடப்போறம்" என்கிறார்கள். பிளேயர் என்றால் போடலாம். ஆனால் இது பதிவு செய்யும் கருவி. இரும்புக்குப் போகும் பெட்டிக்குள் ஒரு கலியாணமோ ஒரு செத்தவீடோ இருக்கலாம். ஏன் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பதற்கு டெக் காலத்தில் இருந்து வரவேண்டும்.

வீட்டு வீடியோ றெக்கோடர் பிறந்தது வசதியான நாடுகளின் ஒரு சின்னப் பிரச்சினையைத் தீர்க்க. சோனி 1975இல் பீற்றாமக்ஸையும் ஜேவிசி 1976இல் விஎச்எஸ்ஸையும் கொண்டுவந்தன. சோனியின் அகியோ மொரிற்றா அதை நேரத்தை நகர்த்தும் கருவி என்றே விளம்பரப்படுத்தினார். இரவு வேலைக்குப் போகிறவர் அன்றிரவு நிகழ்ச்சியை அடுத்தநாள் பார்க்கலாம். ஹொலிவூட் கம்பனிகள் இது திருட்டு என்று வழக்குப் போட்டன. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்து நீதியரசர்கள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமுமாக, வீட்டில் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இருக்கவில்லை. ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரி 15 அன்று, ஜப்பானின் உதவியோடு. உயரக் கம்பத்தில் அன்ரெனா கட்டியவர்களுக்குக் கடல் கடந்து தூரதர்ஷனும் பிடித்தது. ஆனால் பிந்திப் பார்க்கவேண்டும் என்று பதிவு செய்து வைக்க அதில் எங்களுக்கு என்ன இருந்தது? யாழ்ப்பாணத்தில் டெக் செய்தது வேறு வேலை. அது இடத்தை நகர்த்தியது. மதராசில் ஓடும் படம் நெல்லியடிக்கு வந்தது. பிறகு பாரிசில் நடந்த கலியாணம் கரவெட்டிக்கு வந்தது, கரவெட்டியில் நடந்த செத்தவீடு ரொறன்ரோவுக்குப் போனது. அமெரிக்கன் நேரத்தை வென்ற அதே கருவியால் நாங்கள் தூரத்தை வென்றோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

டெக் படம் பார்த்த கதையை நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் கேட்கலாம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். அந்த நிலைமையிலும் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, பெற்றோலில் துளி விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, விடிய விடிய மூன்று நாலு படம் போட்டார்கள். ஜெனரேற்றர் இளைத்தால் படம் சுருங்கும், உறுமினால் விரியும். வீடியோக் கசற்றை "கொப்பி" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். மூலம் எங்கேயோ இருக்கிறது, எங்களிடம் இருப்பது அதன் பிரதி. பிரதியின் பிரதியின் பிரதி என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொரு தரம் எடுக்கும்போதும் நிறம் கொஞ்சம் வெளிறும், முகம் கொஞ்சம் கரையும்.

இங்கே கரவெட்டியின் பிள்ளையான பேராசிரியர் சிவத்தம்பியை நினைக்காமல் போக முடியாது. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, வாங்கிய ரிக்கற் என்பது அவருடைய கருத்து. டெக் வந்தபோது திரை கொட்டகையை விட்டு வீட்டு முற்றத்துக்கு வந்தது. முற்றத்துக்குப் படலை உண்டு. யார் பாயில் இருந்து பார்த்தார்கள், யார் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள் என்று வடமராட்சியில் யாராவது எழுதவேண்டும். என்னைவிட அதை எழுதத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

படக் கொப்பிகள் அழிந்ததில் எனக்குக் கவலை இல்லை. அந்தப் படங்கள் இன்று யூரியூப்பில் கிடக்கின்றன. என் கவலை மற்றக் கசற்றுகள் பற்றியது. வெளிநாட்டில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை தாயின் சாவுக்கு வர முடியாது. அதனால் செத்தவீட்டைப் படம் எடுத்தார்கள். இதைச் சிலர் இன்றும் பகிடியாகச் சொல்வதுண்டு, "செத்தவீட்டுக்கும் வீடியோவா" என்று. அந்தக் கசற் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, கொழும்பு போய், அங்கிருந்து சூரிச்சுக்கோ ஒஸ்லோவுக்கோ போய்ச் சேர மாதக்கணக்காகும். அங்கே ஒரு மகன் கதவைப் பூட்டிவிட்டுத் தன் தாயின் கிரியையைப் பார்ப்பான். பகிடி பண்ணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு திகதி. ஒக்டோபர் 30.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணிநேரத்தில் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். உடுப்பும் சிறு தொகைப் பணமும் தவிர மற்றதெல்லாம் பறிக்கப்பட்டது. நகை போனதையும் கடை போனதையும் எங்கள் சமூகம் முப்பது வருடமாகப் பேசுகிறது. அல்பமும் கசற்றும் போனதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. புத்தளம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சோனகதெரு எப்படி இருந்தது என்று காட்ட உம்மாமாரிடம் சொல் மட்டும்தான் இருந்தது. யாருடைய நிக்காஹ் வீடியோ மிஞ்சியது என்றால், சவூதியில் வேலை செய்த காக்காவுக்கோ கொழும்பில் இருந்த மாமிக்கோ முன்கூட்டியே ஒரு கொப்பி அனுப்பி வைத்தவர்களுடையது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமம் எழும்பி நடந்தது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்குமாக. கரவெட்டியில் பள்ளிக்கூடங்களும் கோயில் மடங்களும் நிரம்பின. சைக்கிள் கரியரில் அரிசி கட்டுவதா, அல்பம் கட்டுவதா? அடுத்த வருடம் திரும்பிப் போனவர்களில் பலர் கண்டது கூரை இல்லாத வீட்டை. இரண்டு சமூகத்தின் துயரத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. கசற்றைப் பொறுத்தவரை இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான் என்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் இருந்தது போனது, தூரத்துக்குப் போனது மிஞ்சியது.

தூரத்தில் மிஞ்சியதைத் திரும்பக் கொண்டுவருவதும் லேசாக இருக்கவில்லை. இலங்கையில் ரீவி முறை பால். கனடாவில் என்ரிஎஸ்சி. ரொறன்ரோவில் எடுத்த கசற்றை இங்கத்தைய சாதாரண டெக்கில் போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும், நிறமும் வராது. "மல்ரி சிஸ்ரம்" டெக் வைத்திருந்தவர் ஊரில் ஒரு சின்ன ஜமீன்தார்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். வன்தட்டையும் டிவிடியையும் ஒரே பெட்டிக்குள் வைத்த முதல் கருவியை ஜப்பானின் தோஷிபா 2001இல் விற்பனைக்கு விட்டது. வன்தட்டின் அளவு 30 ஜிபி. பிறகு பனசொனிக், பயனியர், சோனி எல்லாம் இறங்கின. அளவு 80, 160, 250 என்று ஏறியது. 4.7 ஜிபி டிவிடியில் சாதாரணத் தரத்தில் 2 மணிநேரம் அடங்கும் என்றால், 80 ஜிபியில் ஏறக்குறைய 34 மணிநேரம். மூன்று மணிநேரக் கசற் பதினொன்று. உண்மையில் மிக நல்ல கருவி. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்திவைத்துவிட்டுத் தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்தில் இருந்து பார்க்கலாம். விளம்பரத்தை வெட்டலாம். வெட்டியதைத் தரம் குறையாமல் டிவிடிக்கு எடுக்கலாம். மொரிற்றா சொன்ன நேரத்தை நகர்த்தும் வேலையை இதைவிடத் திறமாகச் செய்த வீட்டுக் கருவி அதற்குமுன் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது, ஏப்ரலில் ஏ9 திறந்தது. வந்தவர்கள் இந்தப் பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள். கனடாப் பெட்டிக்கு 120 வோல்ற், எங்கள் வீட்டில் 230. அப்படியே குத்தியவர்களுக்குப் புகைதான் மிச்சம். லண்டன் பெட்டிக்கு வோல்ற் பிரச்சினை இல்லை, ஆனால் அன்ரெனா கொடுத்தால் படம் வரும், சத்தம் வராது. பிரித்தானியாவும் பால்தான் என்றாலும் ஒலி வரும் அலைவரிசை இடைவெளி அங்கே 6 மெகாஹேட்ஸ், இங்கே 5.5. எத்தனை பேர் பெட்டி பழுது என்று நினைத்து மூலையில் வைத்தார்களோ! ரீவி பதிய முடியாவிட்டாலும் பழைய கசற்றுகளை டெக்கில் ஓடவிட்டு வன்தட்டுக்கு ஏற்ற அது உதவியது. இங்கேயும் வெளிநாட்டிலும் பலர் செய்தது அதுதான். ஏற்றி முடிந்ததும், பூஞ்சணம் பிடித்த கசற்றுகளைக் குப்பையில் போட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இந்த இடம். கசற்றுக்கு ஆயிரம் குறை இருந்தாலும் கையில் எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கலாம். அதே முறையில் உள்ள எந்த டெக்கிலும் ஓடும். வன்தட்டில் ஏறியது அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் ஓடாது. ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒரு ஒழுங்கில் அதில் எழுதியது. கழற்றிக் கணினியில் பூட்டினால் கணினிக்கு அது வெறுந்தட்டாகத்தான் தெரியும். சில மாதிரிகளில் வன்தட்டும் பெட்டியும் சோடி சேர்க்கப்பட்டவை, ஒன்றை மாற்றினால் மற்றது ஏற்காது. ஜப்பானில் 2004இல் இருந்து டிஜிற்றல் ஒளிபரப்பை ஒரேயொரு பிரதிதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். மக்கள் முறையிட்டு, 2008 ஜூலையில் அதைப் பத்துப் பிரதி என்று தளர்த்தினார்கள். ஒளிபரப்பாளருக்குப் பயந்து போட்ட பூட்டு அது. உங்கள் அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு அந்தப் பூட்டு இல்லை, நீங்களே டிவிடிக்கு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை, ஏனென்றால் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தீர்கள். கொப்பி அடித்து அனுப்பும் பழக்கமே அங்கே நின்றுபோனது. 2006 ஓகஸ்ட் 11 அன்று ஏ9 மறுபடி பூட்டப்பட்டது, பெட்டிகள் வந்தவர்களோடு திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கின.

பிறகு கருவியின் காலமே போய்விட்டது. அமெரிக்கா 2009 ஜூனிலும் ஜப்பான் 2011 ஜூலையிலும் பழைய அனலொக் ஒளிபரப்பை நிறுத்தின. கேபிள் கம்பனிகள் தங்கள் பெட்டியைத் தாங்களே கொடுத்தன. விஎச்எஸ் டெக்கைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதையும் விட்டது. ஆகவே குப்பையில் போட்ட கசற் திரும்பக் கிடைத்தாலும் போட்டுப் பார்க்கப் புது டெக் இல்லை.

இனிச் செய்யவேண்டியது. பெட்டி பல வருடம் கிடந்தது என்றால் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். முதலில் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்றைப் பாருங்கள். 120 என்று இருந்தால் ஸ்ரெப் டவுண் ட்ரான்ஸ்போமர் வேண்டும். உயிர் வராவிட்டால் பெரும்பாலும் பழுது பவர் சப்ளையில், வீங்கிப்போன கண்டென்சரில்தான். அதை மாற்றத் தெரிந்த ரீவி திருத்துநர்கள் நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் இன்னும் இருக்கிறார்கள். வன்தட்டு நல்லாக இருக்கக்கூடும். உயிர் வந்ததும் திரையில் ஹாட் டிஸ்க்கை ஃபோர்மற் செய்யவா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். கணினியில் பூட்டிப் பார்க்கும் கெட்டித்தனம் வேண்டாம். விண்டோஸும் அதே கேள்வியைத்தான் கேட்கும், பழக்க தோஷத்தில் ஓம் என்று அமத்துவீர்கள்.

டிவிடி தட்டு வேலை செய்தால் வெற்று டிவிடிக்கு எடுங்கள். எடுத்தபின் "ஃபைனலைஸ்" கொடுக்க மறக்கவேண்டாம். கொடுக்காத டிவிடி வேறு பிளேயர்களில் பெரும்பாலும் ஓடாது. பலர் வீட்டில் "பழுதான" டிவிடிகள் உண்மையில் இப்படி முடிக்காமல் விட்டவை, அந்தப் பெட்டி உயிரோடு இருந்தால் இப்போதும் முடிக்கலாம். தட்டு வேலை செய்யாவிட்டால் பின்னால் உள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றையும் ஒரு கப்ச்சர் கருவிக்குக் கொடுத்து மடிக்கணினியில் ஓடவிட்டுப் பிடிக்கலாம். மூன்று மணிநேரக் கலியாணத்துக்கு மூன்று மணிநேரம் பிடிக்கும், குறுக்கு வழி இல்லை. பிடித்ததைப் பென் டிரைவில் ஒன்று, கடல் கடந்து இருக்கும் ஒருவரிடம் ஒன்று என்று வையுங்கள். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, ஊர்வலம் போன்று ஊருக்குப் பொதுவானது எதுவும் இருந்தால், குடும்பத்தாரின் சம்மதத்தோடு நூலக நிறுவனத்தோடு பேசலாம். 2005இல் இருந்து எங்கள் நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்ப்பவர்கள், ஒலி ஒளிப் பதிவுகளும் சேர்க்கிறார்கள்.

கப்ச்சர் கருவி என்னிடம் ஒன்று இருக்கிறது. டிசம்பர் விடுமுறை முழுக்க வீட்டில்தான் இருப்பேன், வெள்ளி மதியம் தவிர. பெட்டியைக் கொண்டுவருபவர்கள் றிமோட்டையும் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். அது இல்லாவிட்டால் மெனுவுக்குள் போகவே முடியாது.