சாதனமா, கருவியா?
விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்தால் கணினிக்குள் இருக்கும் வட்டு, ஒலியட்டை, வலையட்டை எல்லாம் கிளை பிரிந்து நிற்கும். டிரைவர் சரியில்லாததன் மேல் மட்டும் ஒரு மஞ்சள் முக்கோணம். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்று தட்டினால் அட்டைகளின் விவரம் வரிவரியாக வரும். இந்த 'டிவைஸ்', லத்தீனில் 'பிரித்தல்' என்ற வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சில் விருப்பம், உயில், இலச்சினை என்றெல்லாம் அலைந்து, ஆங்கிலத்தில் உபாயமாகி, பிறகே பொறியைக் குறித்தது. நாம் அதற்கு எழுதும் 'சாதனம்' வடசொல். ஒன்றைச் சாதிக்க உதவுவது. சாதனை, சாதகம், சாத்தியம் எல்லாம் அதன் உறவு. ஆவணம், சான்று என்ற பொருளும் அதற்கு இருந்தது. எனக்கோ 'கருவி'தான் பிடிக்கும். வள்ளுவர், செயலில் இறங்குமுன் எண்ண வேண்டிய ஐந்தில் கருவியையும் சேர்த்தார். சங்கப் பாடல்களில் இதே சொல், மின்னலும் இடியும் கூடிய மேகத்துக்கு அடைமொழி. உரைகாரர்கள் 'தொகுதி' என்று பொருள் எழுதினார்கள். பிறகு தோற்கருவி, துளைக்கருவி என்று இசைக்கும் போனது. பல உறுப்புகள் கூடி ஒன்றாவது என்ற அந்தப் பழம்பொருள் கணினிக்கு எவ்வளவு இசைவாக இருக்கிறது! 'சாதன மேலாளர்' வேண்டாம், 'கருவிப் பட்டியல்' என்றே எழுதலாம். பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே அதைத் திறக்கிறோம்.