கண்ணைக் கெடுக்கும் மரத்தின் ஊர்

கடலூர் மாவட்டத்தில் இரண்டு ஊர்களின் பழைய பெயரில் புலி உட்கார்ந்திருக்கிறது. ஒன்று திருப்பாதிரிப்புலியூர்; இன்று கடலூர் நகரத்தின் ஒரு பகுதி, பாடலீஸ்வரர் கோயிலும் ரயில் நிலையமும் உள்ள இடம். மற்றது பெரும்பற்றப்புலியூர். அப்படிக் கேட்டால் பேருந்து நடத்துநர் விழிப்பார். சிதம்பரம் என்றால்தான் டிக்கெட் கிழிப்பார். புலிக்குத் துணையாக இரண்டு ஊருக்கும் மரமும் உண்டு. கடலூரில் பாதிரி, பூ மணக்கும் மரம். சிதம்பரத்தில் தில்லை. தில்லை மரத்தின் ஓர் இலையைக் கிள்ளினால் வெள்ளைவெளேரென்று பால் கசியும். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் தெறித்தால் சிறிது காலத்துக்குப் பார்வையே போகக்கூடும். ஆங்கிலத்தில் அதற்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்றே ஒரு பெயர். கோயில் எழுந்து, ஊர் பெருத்து, தேர் வீதி அமைந்த பிறகும் அந்த மரத்தின் பெயரை ஊர் விடவில்லை. இயற்கையோடு இருப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது என்று இன்று மருத்துவரும் சொல்கிறார், சுற்றுலா விளம்பரமும் சொல்கிறது. இரண்டு பேச்சிலும் காடு என்றால் பசுமை, அமைதி, ஓய்வு. தில்லையின் பழங்கதை அதில் விடுபட்டுப்போன ஒன்றை எடுத்து வைக்கிறது: அச்சம். காடும் நீரும் மனிதனைத் தேற்றியதில் இளைப்பாறலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு விழிப்புக்கும் உண்டு; அந்த விழிப்பை இந்தப் பகுதியினர் பிறவிக் குணத்தின் பொறுப்பில் விட்டுவிடாமல் தொழிலிலும் திருவிழாவிலும் கட்டி வைத்திருந்தார்கள் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

தலபுராணத்தை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு காட்டைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. புலிக்கால் முனிவர் எனும் வியாக்கிரபாதர் கதையைப் பாருங்கள். பூசைக்கு, வண்டு மொய்க்காத பூ வேண்டும். அதற்கு விடியுமுன் மரம் ஏற வேண்டும். பனியில் மரம் வழுக்கும், இருட்டில் கிளை தெரியாது. அவர் கேட்ட வரம், வழுக்காத புலிக் காலும் புலிக் கையும், இருளிலும் தெரியும் கண்ணும். மரம் குட்டையாக வேண்டும் என்றோ பொழுது சீக்கிரம் விடிய வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. காட்டை மனிதனுக்கு ஏற்றபடி மாற்றாமல், மனித உடம்பைக் காட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்கிறார். இன்னொரு கதையில் ஆடற் போட்டியில் தோற்ற காளி ஊரின் எல்லைக்குப் போகிறாள். தில்லைக் காளி கோயில் இன்றும் ஊரின் வடக்கு எல்லையில்தான் இருக்கிறது. உக்கிரத்தை ஊரைவிட்டுத் துரத்தவில்லை, கூப்பிடு தூரத்தில் குடியமர்த்தினார்கள். ஊருக்குள் மரங்கள் இருந்த இடத்தில் வீதிகள் வந்தன. கோயிலுக்குள் சிதம்பர ரகசியத் திரைக்குப் பின்னால் வெட்டவெளியில் தொங்குவதும் தில்லை இலையல்ல, தங்கத்தில் செய்த வில்வ இலை மாலை. தில்லையைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் இன்று கிழக்கே, கிள்ளை தாண்டிப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும்.

மனிதனுக்கு உயிர்களின் மேல் பிறவியிலேயே ஒரு நாட்டம் உண்டு என்று அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984இல் ‘பயோஃபிலியா’ நூலில் எழுதினார். அதே ஆண்டு ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை; பித்தப்பை அறுவை முடிந்தவர்கள். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். 2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், வாரத்துக்கு 120 நிமிடமாவது வெளியில் இயற்கையோடு கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டார்கள். நலமாக இருப்பவர்தானே வெளியில் போவார் என்று திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆய்வாளர்களும் அதை மறைக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதே உல்ரிக் 1993இல் நாட்டத்தோடு அச்சத்தையும் சேர்த்து எழுதினார்: பாம்பையும் இருட்டையும் உயரத்தையும் கண்டு மிரளும் இயல்பும் அதே பழைய வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். இந்தப் பாதியை நம் வார இறுதிக் கட்டுரைகள் சொல்வதில்லை.

மேலும், மனிதனின் கண் புல்வெளியைத் தேடும், தூரத்து நீரையும் நிழல் மரத்தையும் விரும்பும், அதுவே அவன் ஆதி வீடு என்று ஒரு கொள்கை உண்டு. பிச்சாவரம் அதற்கு நேர் எதிர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர், அலையாத்தி என்னும் கண்டல் காடு. தொடுவானம் தெரியாது, கால் வைத்தால் சேறு. சுரபுன்னை தன் வேர்களை வளைத்து வளைத்து நீருக்குள் ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நிற்கும். ஓதம் ஏறும்போது இருந்த வழி ஓதம் வடியும்போது இருக்காது. இத்தகைய இடத்தைத் தமிழ் இலக்கணம் நெய்தலில் வைத்தது. அதன் உரிப்பொருள் இரங்கல். நிலத்துக்கும் மனநிலைக்கும் உறவு உண்டு என்பதை இவ்வளவு பழைய காலத்தில் இலக்கணமாகவே எழுதியவர்கள், எல்லா நிலமும் மகிழ்ச்சி தரும் என்று சொல்லவில்லை. கடற்கரையில் நிற்பவருக்கு ஏக்கம் வரும் என்றார்கள், அதையும் அழகாகவே பாடினார்கள். கண்டலும் புன்னையும் தாழையும் அந்தப் பாட்டுகளின் கருப்பொருள். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் தில்லையும் ஒன்று.

அச்சமும் நாட்டமும் ஒரே கையில் கூடுவதைப் பார்க்கப் பிச்சாவரத்து இருளர் பழங்குடியினரின் இறால் பிடிப்பைப் பார்க்க வேண்டும். வலை இல்லை, தூண்டில் இல்லை. இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றையும் வேர் இடுக்கையும் தடவிப் பிடிப்பது. பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வதும் உண்டு. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை. விரல் நுனியில் ஒரு துடிப்பு: இறாலா, நண்டா, முள்ளுள்ள மீனா, உடைந்த சிப்பியா என்பதை இமைக்கும் நேரத்தில் கை முடிவு செய்ய வேண்டும், தவறினால் ரத்தம். நாம் அலுவலகத்தில் செலவழிக்கும் கவனம் வலிந்து குவிப்பது. அது சீக்கிரம் களைக்கும். தானாக ஈர்க்கப்படும் கவனம் வேறு, அது களைத்த கவனத்தைத் தேற்றும் என்று உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1989இல் விரிவாக எழுதினார்கள். அவர்கள் மனதில் இருந்தவை இலையசைவு, மேகம் போன்ற மென்மையான காட்சிகள். சேற்றில் தடவும் கையின் கவனம் அவ்வளவு மென்மையானதல்ல. ஆனாலும் அதை யாரும் வலிந்து குவிப்பதில்லை. நீர்தான் அதை இழுத்து வைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரத்தான் வேண்டும். கழுத்தளவு நீரில் மணிக்கணக்காகக் கிடப்பது நலவாழ்வா, வயிற்றுப்பாடா? விரல் வெட்டும், தோல் ஊறிப்போகும். இறாலின் விலையைச் சொல்வதோ கரையில் நிற்கும் வியாபாரி. இங்குள்ள இருளர் பலர் வயல் கூலிக்கு வந்து, அது போதாமல் நீரில் இறங்கியவர்கள். படகும் வலையும் உள்ள மீனவர்களுக்கு அவர்கள் மீனவர்களாகத் தெரியவில்லை. வனத்துறைக்கு அத்துமீறுபவர்களாகத் தெரிந்தார்கள். பழங்குடிச் சான்றிதழுக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அவர்கள் வாழ்க்கையை ஆதி மனிதனின் ஆனந்தம் என்று எழுதுவது அபத்தம். நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது இரண்டை: அவர்கள் வறுமை காட்டிலிருந்து வந்ததல்ல, நிலமும் உரிமையும் மறுக்கப்பட்டதிலிருந்து வந்தது. கையின் கூர்மையோ காடு தந்தது. வறுமையை ஒழிக்கிற பெயரில் கூர்மையையும் சேர்த்து ஒழிப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது.

காட்டை விறகுக் கணக்காக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் பிச்சாவரமே பாடம். ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை இங்கே கூப்பு முறையில் பத்தை பத்தையாக மொட்டையடித்தார்கள். வெட்டினால் மறுபடி வளரும், முறை வைத்து வெட்டலாம் என்பது கணக்கு. தரைக்காட்டில் அது ஓரளவு பலிக்கும். இங்கே வெட்டவெளியான சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தொட்டிபோல் குழிந்தது. ஏறிய ஓதம் அதில் தேங்கியது, நீர் ஆவியாக, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது, கண்டல் முளைக்கவில்லை. பழி வெகுநாள் மாட்டின் மேலும் விறகு பொறுக்கியவர்கள் மேலும் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் 1990களில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டு வெளியே விட்டபோது, செத்த தரையில் கன்றுகள் பிடித்தன. நீர் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் வடியும் என்ற அறிவு, தடவி மீன் பிடிப்பவருக்குக் காலிலேயே இருக்கிறது. கூப்புக் கணக்கில் அதற்குப் பத்தி ஒதுக்கப்படவில்லை.

கடல் பேரலையாக ஊருக்குள் புகுந்த 2004 டிசம்பர் 26 இந்த வாதத்துக்கு வந்த பெரிய சோதனை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல் உள்வாங்கியபோது ஓடாமல் வேடிக்கை பார்த்து நின்றவர்கள் இந்தக் கரையெங்கும் உண்டு. அப்படியானால் அந்த ஆதி உணர்வு எங்கே போனது? தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்தவர்களுக்கே அது கைகொடுக்கவில்லையே? மறுப்பு வலுவானது, ஆனால் அது என் பக்கத்தைத்தான் தாங்குகிறது. இந்தோனேசியாவின் சிமலூ தீவு, அலையை எழுப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். 1907இல் வந்த பேரலையை அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுக் கதையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. புதியதைக் கண்டு வியப்பதும் பிறவிக் குணம், பயந்து ஓடுவதும் பிறவிக் குணம். எதை எப்போது கேட்பது என்று சொல்லித் தருவது ஊரின் நினைவு. நம் கரையில் அந்த அலைக்குப் பேச்சு வழக்கில் ஒரு பெயர்கூட இருக்கவில்லை. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை நாம் அன்றைக்குத்தான் கற்றோம்.

காடு அலையைத் தடுத்ததா என்பதும் அப்போது பெரிய விவாதம். கடலூர்க் கரையை ஆராய்ந்து 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, அலையாத்திக்கு முன்னே கடலோரம் இருந்த இரண்டு ஊர்கள் அழிந்ததையும் பின்னே இருந்த மூன்று ஊர்கள் தப்பியதையும் காட்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு அதே திசையில் எழுதினார்கள். உடனே வேறு ஆய்வாளர்கள் எண்களைத் திரும்பக் கணக்கிட்டு, காப்பாற்றியது பெரும்பாலும் கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் என்றார்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் எச்சரிக்கை சரியாகவே படுகிறது. மரம் சுவர் அல்ல. ஆனால் கண்டல் காடு நிற்கும் இடத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே தூரம் தானாகவே அமைகிறது என்பதையும் மறக்க வேண்டாம். சேற்றில் யாரும் மனை போட மாட்டார்கள். அச்சம் காத்த இடைவெளி அது.

தொழிலால் நீருக்குப் போகாதவர்களையும் ஆண்டில் சில நாள் நீருக்கு இழுத்துப் போக இந்தப் பகுதி ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா: தென்பெண்ணைக் கரைக்குச் சுற்று ஊர்ச் சாமிகள் எல்லாம் வந்து சேரும், மணலில் கடைகள், ராட்டினம், கரும்பு, வறுத்த கடலை. மாசி மகத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி. உள்நாட்டிலிருக்கும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகர் அதே மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்பட்டு வருகிறார். வழியில் கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வது வழக்கம். இது பக்தி, இதில் உடல்நலம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். முழுக்குப் போட வருகிறவர் மன அழுத்தம் குறையட்டும் என்று வருவதில்லை, உண்மை. ஆனால் எந்த நோக்கத்தில் போனாலும் மாசிக் கடலில் கால் வைக்கிற உடம்பு செய்வது ஒன்றுதான்: அலை கணுக்காலின் கீழிருந்து மணலை உருவும்போது விரல்கள் தாமாக மடங்கிப் பிடிக்கும், கை பக்கத்திலிருப்பவர் தோளைத் தேடும், மூழ்குமுன் மூச்சு தானாக அடங்கும். கிழவியின் இடுப்பைப் பேரன் பிடித்துக்கொள்வான். யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. வாரம் 120 நிமிடக் கணக்கில் இது சேராது, ஆண்டுக்கொரு நாள்தான். இருந்தும் பயமும் களிப்பும் கலந்த அந்த நொடியை ஊரே சேர்ந்து ஒரே நாளில் அடைகிறது. தனி ஆளின் பூங்கா நடையில் அது கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பிச்சாவரம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1975இல் வந்த ‘இதயக்கனி’ படத்துக்கு எம்.ஜி.ஆர். படகேறிய கால்வாய்களில் இப்போது சுற்றுலாப் படகுகள் போகின்றன. படகிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. செங்கல் சுவரைவிட மரம் தெரியும் ஜன்னல் மேல் என்று உல்ரிக் காட்டிவிட்டார். படகுக்காரர் குறுகிய கால்வாயில் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, வேரைக் கையால் தள்ளித் தள்ளிப் படகை நகர்த்துவார். அப்போது பேச்சு நின்றுவிடும். கிளைகள் முகத்துக்கு நேரே வரும், எல்லோரும் குனிவார்கள். இலைகளில் சில உதிருமுன் சிவந்திருக்கும். அழகாக இருக்கிறதே என்று குழந்தை ஒன்று கை நீட்டினால் படகுக்காரர் அதட்டுவார். அது தில்லை.