நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

ஷேர்பாயிண்ட் 2010 சர்வரை விசார்ட் வழியாக நிறுவினால் வேலை சுலபம். 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்திக்கொண்டே போகலாம். பிறகு தரவுதளங்களின் பட்டியலைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். பல பெயர்களுக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த 32 இலக்க வால் ஒன்று தொங்கும். கட்டளை வரியில் நாமே பெயர் கொடுத்து நிறுவினால் அந்த வால் வராது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பழைய சண்டையில் போய் நிற்போம்.

யூனிக்ஸில் பெரும்பாலான அமைப்புகள் உரைக் கோப்புகளில் இருக்கும். கிரெப், ஆக் போன்ற சிறு கருவிகளை வைத்துத் தேடலாம், திருத்தலாம், நூறு கணினிகளில் ஒரே மாதிரி ஓட்டலாம். விண்டோஸின் வழி வேறு. அமைப்புகள் ரெஜிஸ்ட்ரியிலும் ஏபிஐகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். மவுஸ்தான் அதன் பெருமை. 1999இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்த ஜெஃப்ரி ஸ்நோவர், யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸுக்குக் கொண்டுவரப் பார்த்தார். நடக்கவில்லை. உரையே இல்லாத இடத்தில் கிரெப் எதைத் தேடும்?

2002 ஆகஸ்டில் 'மோனாட் மேனிஃபெஸ்டோ' என்று ஓர் ஆவணம் எழுதினார். ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததற்கு உரையைக் கடத்தாமல், பண்புகளோடு கூடிய ஆப்ஜெக்டையே கடத்துவோம் என்பது அதன் சாரம். இந்த முயற்சிக்காகத் தன்னைப் பதவியிறக்கம் செய்தார்கள் என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மவுஸை நம்பி வளர்ந்த நிறுவனத்தில் கட்டளை வரியைப் பேசியதற்குக் கொடுத்த விலை அது.

2006 நவம்பரில் அது பவர்ஷெல் என்ற பெயரில் வெளிவந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது அலுவலக மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2007. அதன் நிர்வாகத் திரையே பவர்ஷெல் கட்டளைகளின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. ஒரு விசார்டை முடித்ததும், 'நீங்கள் செய்ததற்கான கட்டளை இதுதான்' என்று காட்டும். கிளிக் செய்து பழகியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிறுவல் கையேடு என்பது பக்கம் பக்கமாகத் திரைப்படங்கள் ஒட்டிய வேர்ட் கோப்பு. அதில் இல்லாததெல்லாம் ஒரு சீனியர் அண்ணன் தலைக்குள் இருந்தது. அவர் மகள் காதுகுத்துக்கு ஊருக்குப் போனால் புது சர்வர் காத்திருக்கும். ஸ்கிரிப்டாக எழுதிடலாமா அண்ணே என்று கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எழுதிட்டா அப்புறம் நான் எதுக்குப்பா?" அந்தக் கேள்வி நியாயமானது. சொந்த வீட்டுக் கடனுக்கு மாதா மாதம் தவணை கட்டுகிறவர் வேறு எப்படிக் கேட்பார்?

அதற்குள் உலகம் நகர்ந்துவிட்டது. ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் விவரங்களை நிரப்பினால் ஷேர்பாயிண்ட் சர்வர்களை முழுசாக நிறுவித் தரும் ஆட்டோஎஸ்பிஇன்ஸ்டாலர், பயனர்கள் பக்கத்திலிருந்து திறந்த மூலமாக வந்தது. 2013இல் பவர்ஷெல்லுக்குள் டிஎஸ்சி வந்தது. என்னென்ன செய்யவேண்டும் என்று அடுக்காமல், கடைசியில் எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லும் முறை அது. 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெஸ் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் வழிவந்த யோசனைதான். 2016இல் பவர்ஷெல்லே திறந்த மூலமாகி லினக்ஸுக்கும் போனது.

வேடிக்கை என்னவென்றால், 2011இல் வந்த ஆஃபீஸ் 365 அந்த சர்வரையே பல நிறுவனங்களின் கையிலிருந்து மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. நிறுவும் வேலை அங்கெல்லாம் போனது. யாருக்கு எந்த அனுமதி, எந்தக் குழுவுக்கு எந்தத் தளம் என்ற வேலை மட்டும் போகவில்லை. அதை இன்றும் பவர்ஷெல்லில்தான் ஓட்டுகிறோம்.

ஆக, அண்ணன் பயந்தது பாதிதான் சரி. ஸ்கிரிப்ட் என்ன செய்யவேண்டும் என்பதை வைத்திருக்கும், ஏன் என்பதை வைத்திருக்காது. யாரோ எழுதிய பழைய ஸ்கிரிப்டைத் திறந்தால் நான் முதலில் தேடுவது கட்டளைகளை அல்ல, '#' போட்டு எழுதிய குறிப்புகளை.