நீண்ட சைக்கிள் பயணத்தில் தொடை உரசி எரிகிறதா? தடுப்பதும் ஆற்றுவதும் எப்படி?

ஈப்போவிலிருந்து பழைய கூட்டரசு சாலையைப் பிடித்து, சிம்மோர், சுங்கை சிப்புட் தாண்டி கோலகங்சார் போக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வர சைக்கிளில் கிளம்பினால், போக வர நாள் முழுக்க சீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பயிற்சி இருந்தால் கால் தாங்கும், மூச்சும் தாங்கும். ஆனால் பாதி வழியிலேயே தொடை இடுக்கு எரிய ஆரம்பித்தால்? வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் சுரீர் என்கிறதா? இதுதான் உராய்வுப் புண். சைக்கிள் ஓட்டுகிற பலருக்கும் வருவது. வந்த இடம் அப்படி என்பதால் வெளியே சொல்லத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்தில் நாள் கடத்தும்போதுதான் சின்ன எரிச்சல் பெரிய புண்ணாகிறது.

இது ஏன் வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 முறை மிதிக்கிறீர்கள் என்றால், மூன்று மணி நேரத்தில் 14,400 முறை. ஒவ்வொரு மிதிக்கும் உள்தொடை சீட்டின் ஓரத்தில் ஒரு தடவை உரசுகிறது.

காய்ந்த தோல் இதை ஓரளவு தாங்கும். ஈரத்தில் ஊறிய தோல் தாங்காது. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் வியர்வை சீக்கிரம் காய்வதில்லை. தோல் ஊறி மென்மையாகிறது. வியர்வை கொஞ்சம் உலர்ந்தால் அதிலுள்ள உப்பு நுண்ணிய மணலைப் போலத் தேய்க்கிறது. மேல்தோல் வழன்ற பிறகு கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும்.

சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங் பக்கத்துப் பழைய தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ரப்பர் இருந்த பல இடங்களில் இப்போது செம்பனை. லாரி போய்ப் போய்ப் பள்ளமான செம்மண் பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் நேராக உட்காரும் இடத்தில்தான் இறங்கும்.

“தாத்தா காலத்தில் யாரும் க்ரீம் பூசவில்லையே?”

உண்மைதான். தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவர்கள் பலர் விடியுமுன்னே சைக்கிளில் போனவர்கள், பால் வாளியையும் அதிலேயே ஏற்றி வந்தவர்கள். ஆனால் அது லயத்திலிருந்து வெட்டுக் காட்டுக்குப் போகிற சின்னத் தூரம். அங்கே போனதும் இறங்கி, மரத்துக்கு மரம் நடந்துதான் வேலை. இன்றைக்கு நாம் செய்வது வேறு. குனிந்த நிலையில், ஒடுக்கமான சீட்டில், இரண்டு மூன்று மணி நேரம் இறங்காமல் ஓட்டுகிறோம். அதனால் “அவங்களுக்கு வரலையே, நமக்கு மட்டும் ஏன்” என்று ஒப்பிட வேண்டாம்.

உடம்பில் வலு இருந்தால் வராது என்பதும் தப்பு. 1987-இல் ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, உட்காரும் இடத்தில் வந்த கட்டியால், போட்டி முடிய சில நாள்களே இருக்கும்போது விலகினார். உடம்பைத் தேற்றிக்கொண்டு 1988-இல் அதே போட்டியை வென்றார்.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

முதலில் உடை. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று நல்லதாக வாங்குங்கள். அதற்கு உள்ளே உள்ளாடை வேண்டாம். பலர் தவறு செய்வது இங்கேதான். உள்ளாடையின் தையல்தான் உரசுகிறது, அதன் பருத்தித் துணிதான் வியர்வையைப் பிடித்து வைக்கிறது. பேட் தோலோடு ஒட்டி இருக்கும்படிதான் அந்த ஷார்ட்ஸைத் தைத்திருக்கிறார்கள். வெறும் ஷார்ட்ஸில் வெளியே போகக் கூச்சமாக இருந்தால், மேலே தளர்வான இன்னொரு ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து பூச்சு. உள்தொடை, தொடை இடுக்கு, சீட்டில் படும் இடம் ஆகியவற்றில் சைக்கிள் ஓட்டிகளுக்கான க்ரீம் அல்லது வேசலின் மெலிதாகப் பூசுங்கள். நீண்ட பயணம் என்றால் நடுவில் ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெயும் உரசலைக் குறைக்கும், ஆனால் வியர்வையோடு சீக்கிரம் வழிந்து போய்விடும். முகப் பவுடர் வேண்டாம். வியர்வையில் கட்டி கட்டியாகத் திரண்டு அதுவே உரசும்.

முடியை அடியோடு மழிப்பதும் தேவையில்லை. மழித்த முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே மடங்கி வளர்ந்து கொப்புளம் ஆகலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கிற்குத் தயாரான பிரிட்டன் பெண்கள் அணிக்கும் மழிக்க வேண்டாம் என்றே ஆலோசனை சொல்லப்பட்டது. தொந்தரவாக இருந்தால் கத்தரியால் குறைத்துக்கொண்டால் போதும்.

மாதவிடாய் நாள்களில் பேடின் ஓரமும் உரசும். ஓரம் படும் இடத்தில் கூடுதலாகப் பூசிக்கொள்ளுங்கள். முடிந்தவரை மெல்லிய பேட் பயன்படுத்தி, அடிக்கடி மாற்றுங்கள்.

சீட் சரியாக இருக்கிறதா?

எவ்வளவு பூசியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண் வந்தால், சைக்கிளைச் சந்தேகப்படுங்கள்.

சீட் அதிக உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டமே உரசல். எளிய சோதனை இது: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் சரியான உயரத்துக்குப் பக்கம்.

புண் ஒரு பக்கம் மட்டும் வருகிறதா? சீட் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கலாம், அல்லது நீங்கள் சாய்ந்து உட்காரலாம். சீட்டின் அகலமும் முக்கியம். நாம் உட்காரும் இரண்டு எலும்புகளும் சீட்டின் மேல் பதிய வேண்டும். ரொம்ப மெத்தென்ற சீட் சுகமாகத் தெரியும், ஆனால் எலும்பு உள்ளே அமுங்கி, சுற்றியுள்ள தோல்தான் பாரத்தைத் தாங்கும்.

ஓட்டும்போது 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில விநாடிகள் எழுந்து நின்று மிதியுங்கள். மேடு பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கொள்ளுங்கள். மரத்துப்போன உணர்வு வந்தால் அது உரசல் அல்ல, அழுத்தம். உடனே இறங்கி ஓய்வெடுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயணம் முடிந்த பிறகு?

நனைந்த ஷார்ட்ஸோடு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் அரட்டை அடிப்பது ஜாலிதான். தோலுக்கு அது நல்லதல்ல. மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும். முடிந்தவுடன் குளித்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, தளர்வான உடை போடுங்கள். ஒருமுறை போட்ட ஷார்ட்ஸைத் துவைக்காமல் மறுபடி போடாதீர்கள். துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

புண் வந்துவிட்டது, இப்போது?

மிதமான சூட்டு நீரிலும் காரமில்லாத சோப்பிலும் கழுவுங்கள். தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். பிறகு வேசலின் அல்லது குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாக ஆக்சைடு க்ரீம் மெலிதாகப் பூசலாம். தோல் வழன்றிருந்தால் ஒட்டாத வகைக் கட்டு போடலாம். ஆறும்வரை சைக்கிளைத் தொட வேண்டாம். லேசான புண் என்றால் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும்.

ஸ்பிரிட், தண்ணீர் கலக்காத கிருமிநாசினி, தைலம், மஞ்சள் எதுவும் திறந்த புண்ணில் வேண்டாம். எரிச்சல்தான் கூடும். கட்டி வந்தால் பிதுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியால் 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள், ஒரு நாளைக்குச் சில முறை.

எரிகிறதா, அரிக்கிறதா?

இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். உராய்வுப் புண் முக்கியமாக எரியும், உரசிய இடத்தில் மட்டும் இருக்கும். படர்தாமரை முக்கியமாக அரிக்கும். அதன் ஓரம் வளையம் போலத் தடித்து, நடுப்பகுதி தெளிந்து, நாளுக்கு நாள் பரவும். அது பூஞ்சைத் தொற்று. அதற்கு குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், மருந்தாளர் சொன்ன நாள்வரை பூச வேண்டும்.

“ஒரே நாளில் அரிப்பு போயிடும்” என்று நண்பர் கொடுக்கும் ஸ்டீராய்டு க்ரீமைப் பூசாதீர்கள். முதலில் குறைந்த மாதிரி தெரியும். அடியில் பூஞ்சை இன்னும் பரவும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், வலி கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். ஒரு வாரத்தில் ஆறாவிட்டாலும் போய்ப் பாருங்கள். அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான். பெண் மருத்துவரோ ஆண் மருத்துவரோ வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்கலாம். எத்தனையோ பேருக்குப் பார்த்த பிரச்சினை இது. அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை.

இன்னொன்று. புண் ஆறாமல் இழுத்தாலோ, பூஞ்சைத் தொற்றும் கட்டியும் திரும்பத் திரும்ப வந்தாலோ, இரத்தத்தில் சர்க்கரை அளவையும் சோதித்துவிடுங்கள். நீரிழிவு இருந்தால் புண் மெதுவாகத்தான் ஆறும், தொற்றும் சுலபமாக வரும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது மற்ற இனங்களைவிட அதிகம். பலருக்கு இருப்பதே தெரியாது. வயது இருபதுதானே என்று விட்டுவிடாதீர்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் முதல் சோதனை முடிந்துவிடும்.