துப்பாக்கிக் குழலைக் கழுவிய கதை

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரிப்புகையாகவும் கசடாகவும் எஞ்சும். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் குழலை விரைவில் அரித்துவிடும். ஆனால் அது தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் 19ஆம் நூற்றாண்டுச் சிப்பாய்க்குத் தேவைப்பட்டவை கொஞ்சம்தான்: மருந்து கெட்டிக்கும் கம்பியின் நுனியில் மாட்ட ஒரு சுருள்கம்பி, அதில் சுற்றச் சணல் நார், வெந்நீர், கடைசியில் பூச எண்ணெய்.

1884இல் பிரான்சின் பால் வியேல் புகையற்ற மருந்தை உருவாக்கினார். கசடு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் எண்ணெயிட்டு வைத்த குழல்கள்கூடத் துருப்பிடித்தன. மருந்திலிருந்து தங்கும் அமிலமே காரணம் என்று பலர் நம்பினர். பிரிட்டிஷ் ராணுவமோ வெந்நீரைக் கைவிடவில்லை. காரணம் தெரியாமலே கடைப்பிடித்த அந்த வழக்கம்தான் சரியானது.

அவர்களுடைய லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் கட்டையில் பித்தளை மூடி போட்ட பொந்து ஒன்று உண்டு. எண்ணெய்க் குப்பியும், நுனியில் பித்தளைக் குண்டு கோத்த கயிறும் அதற்குள் இருக்கும். குண்டைப் பின்பக்கமாக உள்ளே விட்டு வாய்ப்பக்கமாக இழுத்தால், கயிற்றின் கண்ணியில் செருகிய துணி குழலைத் துடைத்துக்கொண்டே வரும். துணி 4 அங்குலத்துக்கு 2 அங்குல ஃபிளானலெட் என்ற மென்மையான பருத்தித் துணி; சுருளிலிருந்து கிழித்துக்கொள்வார்கள். கயிற்றைக் கோணலாக இழுத்தால் குழல்வாய் தேய்ந்து குறி கெடும்.

துருவின் காரணத்தை 1922இல் விளக்கியவர் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் வில்பர்ட் ஹஃப். தோட்டாவின் அடியில் தீமூட்டும் மருந்தில், தீக்குச்சி முனையில் உள்ள அதே பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து குளோரைடு உப்பாகிக் குழலில் படியும். சமையல் உப்பைப் போல ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். குளோரேட் இல்லாத தோட்டாக்கள் 1920களின் இறுதியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன.

வியட்நாம் போரில் நிலைமை வேறு. அமெரிக்க வீரர்களின் எம்-16 துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் கம்பிகூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. மருந்தின் வகையும் மாற்றப்பட்டிருந்தது. சண்டைக்கு நடுவே துப்பாக்கிகள் சிக்கின. வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதி எண்ணெய் வரவழைத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்த இந்த அலட்சியம் மன்னிக்க முடியாதது.

சுத்தம் செய்யும் திரவத்தைத் தாங்களே கலந்துகொண்டவர்களும் உண்டு. அமெரிக்க ராணுவ அதிகாரி ஜூலியன் ஹாட்சர் 1947இல் வெளியிட்ட குறிப்பு நூலில் ஃபிராங்க்ஃபோர்டு ராணுவ ஆலையின் கலவை ஒன்று இருக்கிறது: அசிட்டோன், டர்பென்டைன், மண்ணெண்ணெய், திமிங்கில எண்ணெய். பின்னாளில் திமிங்கில எண்ணெய் கிடைக்காமல் போனது. அமெரிக்கத் துப்பாக்கி நிபுணர் எட் ஹாரிஸ் அதற்குப் பதில் ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயைச் சேர்த்தார். ‘எட்ஸ் ரெட்’ என்ற அந்தக் கலவை மலிவானது, கரியை நன்றாக எடுக்கும். குளோரைடு உப்பை அது கரைக்காது என்பதால், பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுடுபவர்கள் முதலில் தண்ணீரால் கழுவிவிட்டே அதைப் பயன்படுத்துகிறார்கள்.