கைரோபிரக்டர்: முள்ளந்தண்டைத் தொடும் உரிமை எப்படிக் கிடைக்கிறது?

நான் ரொறன்ரோவில் கைரோபிரக்டராகப் பதிவு பெற்ற அன்று அம்மா கேட்டா: "நீ உண்மையான டொக்டரோ?"

ஒன்ராறியோச் சட்டம் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்த எங்களை அனுமதிக்கிறது. ஆனால் மருந்து எழுதவோ சத்திரசிகிச்சை செய்யவோ எங்களுக்கு அதிகாரமில்லை.

இதற்கான பாதை நீளமானது. குறைந்தது 3 ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் படித்த பின்னரே, 1945இல் தொடங்கப்பட்ட கனேடிய மெமோரியல் கைரோபிரக்டிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு 4 ஆண்டுகள். அடுத்து கனேடியப் பரீட்சைச் சபையின் பரீட்சைகள். இறுதியாக மாகாண ஒழுங்குமுறை அமைப்பின் சட்ட, ஒழுக்கநெறிப் பரீட்சை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? முள்ளந்தண்டு மூட்டை அதன் வழமையான அசைவெல்லைக்கு அப்பால் விரைவாகத் தள்ளுவது, 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதிகாரம் இல்லாதவர் அதைச் செய்வது குற்றம்.

அதன் பொருள் எனக்கு என் மாமாவால் விளங்கியது. அவரது முதுகில் எறிகணைச் சிதறல் இன்னும் இருக்கிறது. "நெட்டி முறிச்சு விடு தம்பி" என்றார். நான் மறுத்தேன். முதலில் எக்ஸ்ரே எடுத்து வைத்திய நிபுணரிடம் காட்டச் சொன்னேன். எப்போது கை வைக்கக்கூடாது என்பதும் நாங்கள் படித்ததுதான்.

உங்கள் உடலிலும் போரின் துண்டுகள் இருந்தால், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், முதுகைக் கொடுக்குமுன் இரண்டு விடயங்களைச் செய்யுங்கள். அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் காயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.